சுழி

குறுவைக்குத் தண்ணீர் வருமுன் ஒரு செவ்வாய்க்கிழமை
நீடாமங்கலம் ஆய்வு மாளிகையில் முகாம்.
லஸ்கர்கள், கரைக்காவலர், அலுவலக எழுத்தர்
சர்க்கரைக்கும் கண்ணுக்கும் வரிசையில் நின்றோம்.
கடைசி மேசையில் ஷாகிரா என்றொரு பெண்
கண்ணாடிப் பலகையும் பேனாவும் நீட்டி,
"வைரக்கண்ணு அய்யா, நடுவுல ஆரம்பிச்சு
சுத்திச் சுத்தி வெளிய வாங்க. ஒரு சுழி" என்றாள்.

சுழியை எனக்கா சொல்லித்தர வேண்டும்?
இருபத்தாறு வருஷமாக
மூணாறு தலைப்பில் கதவுக்குக் கீழே
அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
வெண்ணாற்றுப் பக்கம் ஆளை இழுப்பது ஒன்று,
கோரையாற்றுப் பக்கம் சின்னதாய் ஒன்று,
விழுந்த தென்னம்பாளையை
விடவும் விடாது, முழுங்கவும் முழுங்காது.
போட்டேன்.
என் கண்ணுக்கு அது சுழியாகத்தான் இருந்தது.

இயந்திரத்துக்கு அப்படித் தெரியவில்லை.
வளைவுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றனவாம்,
பேனா அங்கங்கே தயங்கியதாம்,
கண்ணில் படாத நடுக்கம் ஒன்று
நொடிக்கு ஐந்து தரம் வந்து போகிறதாம்.

"இது எத்தனை பேர் கையைப் பார்த்துப் படிச்சிச்சு?"
"பல ஆயிரம் அய்யா."
"அதுல மண்வெட்டி பிடிச்ச கை எத்தனை?"
திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"தெரியல" என்றாள்.
அந்தத் 'தெரியல'வுக்காகத்தான்
தஞ்சாவூர் போகச் சம்மதித்தேன்.

அன்றிரவு நீர்மட்டப் பதிவேடுகளைப் புரட்டினேன்.
பத்து வருஷத்துக்கு முந்தைய ஆடியில்
என் எண்கள் கட்டம் நிறையக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தன.
போன ஆடியில் அதே எண்கள்
மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி
ஒரு மூலையில் ஒட்டி நின்றன.
இரண்டு வேளையும் நானே எழுதி
நானே கையெழுத்திட்ட சாட்சியம்.
அரை அடி இறங்கினாலே போன் போடுகிறவன்
இது வடிந்ததைப் பார்க்கவில்லை.

தஞ்சாவூரில் டாக்டர் அம்மா
திரையை ஓரம் தள்ளிவிட்டுச் செங்கமலத்தைக் கேட்டார்:
தூக்கத்தில் கத்துவாரா? வாசனை தெரிகிறதா?
காத்திருந்தவள் போலச் சொன்னாள்.
"ஏழு வருஷமா ராத்திரியில யாரையோ மிதிக்கிறாரு.
தலகாணியை நடுவுல போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறேன்.
கருவாடு கருகினாலும் தெரியாது.
புதுத்தண்ணி நுரையும் குப்பையுமா வந்தப்ப
வாசம் பாத்தீங்களான்னேன், சும்மா தலையாட்டுனாரு."

ஏழு வருஷம்.
ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை நான்.
"காலாட்டினதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா" என்று
நான்தான் அப்போது சிரித்தேனாம்.

டாக்டர் பெயர் எதுவும் வைக்கவில்லை.
இயந்திரம் சொன்னது சந்தேகம், தீர்ப்பு இல்லை என்றார்.
இன்னொரு ஸ்கேன், ஆறு மாதத்தில் மறுபடி ஒரு சுழி.
தலைப்பில் வரத்து குறைந்தால்
விரல்தானே கடைமடை என்று
நானாகப் புரிந்துகொண்டேன்.
கடைமடைக்காரர்கள் மனுவோடு வந்தபோது
நாங்கள் எத்தனை தரம் நம்பாமல் அனுப்பியிருக்கிறோம்.

"நிறுத்த முடியுமா?"
"முடியாது. தினமும் நடங்க. பெரிசா எழுதுங்க.
மாத்திரைக்கு நேரம் வந்தா நான் சொல்றேன்."

பஸ் அம்மாப்பேட்டை தாண்டும்போது போனில் செய்தி:
மேட்டூர் திறந்தாச்சு.
செய்திக்கு நிமிஷம் போதும், தண்ணீருக்கு நாளாகும்.
அந்த நாட்களில்தான் எல்லாம் செய்வோம்.
திருகுக்குக் கிரீஸ்,
பலகை இடுக்கில் காய்ந்த ஆகாயத்தாமரை,
சக்கரத்தில் உடைந்த ஒரு பல்.
பாய்கிற தண்ணீருக்கு நடுவே
எவனும் கிரீஸ் போட்டதில்லை.

இன்று காலை ஆறு மணி அளவு
3.40.
கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசிச் சுழி
நாளைய கட்டத்தில் கால் வைத்துவிட்டது.
பொறியாளர் மேடம் கேட்பார்.
கேட்கட்டும்.